குறையாத ஊர்

சேந்தலூரில் ஒருவர் செத்தால் வெளியிலிருந்து ஒருவர் வந்தாக வேண்டும், ஒரு பிள்ளை பிறந்தால் உள்ளிருந்து ஒருவர் போயாக வேண்டும், ஊரின் எண்ணிக்கை இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்றிலிருந்து கூடவும் கூடாது குறையவும் கூடாது என்பது நீலாயதாட்சிக்குத் தெரியவந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. மடியில் புளிசாதப் பொட்டலம் இருந்தது. கைப்பையில் வரலாற்றில் பட்டம் பெற்ற சான்றிதழும், கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்கு வரச்சொன்ன கடிதமும் இருந்தன. நாகப்பட்டினத்தில் ஏறி, இரண்டு பஸ் மாறி, மூன்றாவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்கப்போகும் கேள்விகளுக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டு வந்தவள், பஸ் நின்றதைக்கூடச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

டிரைவர் எத்தனை முறை மிதித்தும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று கடைவீதிப் புழுதியைக் கிளப்பினவே தவிர ஓர் அடி நகரவில்லை. கண்டக்டர் சத்தம் போடவில்லை. சில்லறை இருக்கிறதா என்று கேட்கிற அதே குரலில், "ஒவ்வொருத்தரா எறங்கி ஏறுங்க, யாருன்னு பாத்துருவோம்" என்றான். ஒரு வெற்றிலை வியாபாரி இறங்கினார், பஸ் நகரவில்லை, ஏறிக்கொண்டார். ஒரு கல்யாண கோஷ்டி முழுதாக இறங்கியது, நகரவில்லை, ஏறிக்கொண்டது. நீலாயதாட்சி இறங்கினாள். பஸ் ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு நகர்ந்தது. கண்டக்டர் அவளுடைய தகரப் பெட்டியை ஜன்னல் வழியாக இறக்கி வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சுக்கம்மா, உள்ள நுழையும்போது வெள்ளைத் துணி பறந்துச்சு, நான் பாத்துட்டுத்தான் வுட்டேன்" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. எல்லைக்கல் பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு மூங்கிலை நட்டு, ஊரில் யாரும் சாகக் கிடக்கவில்லை என்றால் வெள்ளைத் துணி ஏற்றுவார், யாருக்காவது இழுத்துக்கொண்டிருந்தால் இறக்கிவிடுவார், துணி இல்லாத நாளில் பஸ்கள் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிடும். வந்துபோகிறவர்களை ஊர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, ஆனால் அவர்கள் உள்ளே இருக்கும் நேரம் பார்த்து யாருக்காவது உயிர் போய்விட்டால் வந்தவர்களில் ஒருவருடைய கால் ஊரோடு ஒட்டிக்கொள்ளும். அன்று பெரியநாயகம் என்ற கிழவர் கிடக்காமல், இருமாமல், கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார், அதனால் துணி பறந்துகொண்டே இருந்தது.

பஸ்ஸின் பின்னாலேயே ஓடிய நீலாயதாட்சியின் கால்கள் எல்லைக்கல்லில் நின்றன. வலிக்கவில்லை, யாரும் பிடிக்கவில்லை, கடலுக்குள் இடுப்பளவு போனவளுக்குக் கால் எடுத்துவைக்க வராதே அதுபோல வரவில்லை. அதே நேரம், அதுவரை பத்துப் பேர் தூக்கியும் எழும்பாமல் கிடந்த பெரியநாயகத்தின் பாடை நாலு பேர் தோளில் வெற்று முறம்போல எழும்பிற்று. ஒரு பெண் சொம்புத் தண்ணீரோடு வந்து நீலாயதாட்சியின் காலைக் கழுவி, "வாங்க மாமா" என்றாள். அவள் பெயர் அங்கம்மா, செத்தவரின் மருமகள். அவளுடைய புடவைக்குப் பின்னாலிருந்து ஐந்து வயதுத் தவசி எட்டிப் பார்த்து, "இதுதான் தாத்தாவா?" என்று கேட்டான்.

ஏனென்றால் சேந்தலூரின் வழக்கம் அப்படி. செத்தவருக்குப் பதிலாக வந்தவர் செத்தவரின் வீட்டில் குடியேறுவார், செத்தவரின் தட்டில் சாப்பிடுவார், செத்தவரின் உறவுமுறை எதுவோ அதுவே அவருக்கு. ஊரார் இதை யோசித்துச் செய்யவில்லை, இரக்கத்தாலும் செய்யவில்லை, ஒரு வீட்டில் அத்தை இல்லாமல் போனால் அத்தை இடம் காலியாக இருக்குமே என்றுதான் செய்தார்கள். அப்படித்தான் லாரி ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பஞ்சாப்காரர் தலைப்பாகையும் தாடியுமாக அய்யாவு வீட்டுக்கு அத்தையானார். பைபிள் விற்க வந்த ஒரு மலையாளத்துக் கிழவி தாய்மாமனாகி, காதுகுத்துக்குச் சீர்த் தட்டு தூக்கி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருந்துக் கம்பெனிப் பையோடு வந்த இளைஞன் ஒருவன் ஒரு விதவைக்கு மாமியாராகி, அவளை அதட்டத் தெரியாமல் ஒரு வருஷம் தடுமாறி, பிறகு நன்றாகவே பழகிக்கொண்டான். பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருகிற ஆள், துணியைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாக எண்ணி, அதே இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்றை எழுதிக்கொண்டு போவான். வீட்டில் உட்கார்ந்தே எழுதினாயா என்று மேலதிகாரி அவனைத் திட்டி வேறொருவனை அனுப்புவார், அவனும் அதையே எழுதிக்கொண்டு போவான். எண் மாறவில்லை, எண்ணுக்குள் இருந்தவர்கள்தான் மாறினார்கள். தாய்மொழி என்ற கட்டத்தில் முதலில் ஒன்று இருந்தது, பிறகு மூன்று, பிறகு பதினொன்று.

ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் பெரிதாகப் பேசியதில்லை. வெயில் ஏன் அடிக்கிறது என்று யார் பேசுகிறார்கள்.

போவதற்கு வழி இருந்தது. ஒரு பிள்ளை பிறந்தால் யாராவது ஒருவர் எல்லையைத் தாண்டும் வரை அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது, பால் குடிக்காது. ஆகவே பொழுது சாய்வதற்குள் ஒருவர் போவார். யார் போவது என்று அடிதடி நடந்து, ஒருமுறை மண்டை உடைந்து, முடிவில் ஒரு நோட்டு போட்டார்கள், அதற்கு முறை நோட்டு என்று பெயர். தன் முறையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கலாம், ஆனால் விட்டுக்கொடுத்தவர் கடைசிக்குப் போக வேண்டும். படித்தவள் என்பதால் அந்த நோட்டு நீலாயதாட்சியின் கைக்கு வந்தது. அவளே தன் பெயரைத் தன் கையால் எழுதினாள், எண்ணூற்றுப் பதினாறாவதாக. அந்த நாளில் சேந்தலூரில் வருஷத்துக்குத் தொண்ணூறு பிள்ளைகள் பிறந்தன. ஒன்பது வருஷம் என்று அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். அம்மா ஒருமுறை வந்து எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, காய்ந்த திருக்கை மீன் ஒரு பொட்டலம் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாள், மூன்றாம் வருஷம் செத்தும் போனாள்.

பிள்ளைகள் பிறந்தால்தான் ஆட்கள் போக முடியும் என்பதால் சேந்தலூரில் பெண்களின் வயிற்றை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்றால் முறை நோட்டில் அடுத்த பெயர்க்காரன் பழமும் பாலும் வாங்கிக்கொண்டு அவள் வாசலில் நிற்பான், நடக்காதே என்பான், குனியாதே என்பான். பெற்று எழுந்து நாற்பது நாள் ஆவதற்குள் அதற்கடுத்த பெயர்க்காரன் அவள் புருஷனைக் கூப்பிட்டுப் பேசுவான். வயிறு ஒவ்வொன்றும் ஊருக்கு ஒரு வாசல், வாசலுக்கு வலிக்குமா என்று வாசல் வழியாகப் போகிறவன் கேட்பதில்லை. ஒரு சாவு விழுந்தால் நாலு நாள் பொறுத்தால் போதும், எப்படியும் ஒரு பிள்ளை பிறக்கும், அந்தப் பிறப்பில் பாடை தானாக எழும்பிவிடும், வழியில் போகிற எவரையும் ஊர் பிடித்துவைக்க வேண்டியிராது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு பிறப்பைச் செத்தவருக்காகச் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பால்வாடியும், பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு வேலையும் நீலாயதாட்சிக்குக் கொடுத்தார்கள். சிவப்பு முக்கோணம் போட்ட தட்டியை மாட்டிக்கொண்டு ஒப்புக்கு உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் கொடுத்தார்கள். ஒரு மத்தியானம் செல்லக்கிளி என்ற பெண் வந்தாள். ஒன்பதாவது பிள்ளைக்கு எட்டு மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "தாத்தா, எனக்கு எப்பத் தாத்தா முறை வரும்?" என்றாள்.

"நீ நோட்டுல ஐந்நூத்தி இருபது."

"அந்த முறை இல்ல. இதுலேருந்து போறதுக்கு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

நீலாயதாட்சி அன்று இரவு முழுதும் தூங்கவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாகத்தான் தூங்கினாள். காலையில் எழுந்ததும் முடிவு அவளுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது. புதன்கிழமை தோறும் பயந்து பயந்து வந்துபோகிற நர்ஸிடம் சொல்லி, பள்ளிக்கூடத்து அறையிலேயே கருத்தடை முகாம் போட வைத்தாள், செல்லக்கிளிக்கு முதலில், பிறகு அவள் தங்கைக்கு, பிறகு பின்வாசல் வழியாக வந்த இருபது பேருக்கு, பிறகு முன்வாசல் வழியாகவே வந்த நூறு பேருக்கு. நோட்டில் பெயர் இருந்த ஆண்கள் கல்லெறிந்தார்கள். தவசியின் அப்பா வீட்டுக்குள் வந்து, தன்னைப் பெற்ற அப்பனின் இடத்தில் இருப்பவளைத் திட்டவும் முடியாமல், "எங்க கதவ மட்டுமா சாத்துறீங்க? ஒங்க கதவையும் சேத்துல்ல சாத்துறீங்கப்பா" என்று கேட்டுவிட்டு அழுதார். அவளுக்குத் தெரிந்ததுதான். தொண்ணூறு அறுபதாயிற்று, அறுபது இருபதாயிற்று, இருபது எட்டாயிற்று, எட்டு மூன்றாயிற்று, பிறகு ஒன்றுகூடப் பிறக்காத வருஷமும் வந்தது. வைத்தியம் கூடியதில் கிழவர்கள் சாவதைத் தள்ளிப்போட்டார்கள், தெருவில் தொட்டில்களைவிடக் கைத்தடிகள் அதிகமாயின, மரச்சாமான் கடைக்காரர் நடைவண்டி செய்வதை விட்டுவிட்டுக் கட்டிலுக்குக் கைப்பிடி செய்யத் தொடங்கினார். ஒன்பது வருஷம் என்று அவள் எழுதிய கணக்கு நாற்பத்தேழு வருஷமாயிற்று. அவளுடைய முடி நரைத்தது, அவளைத் தாத்தா என்று கூப்பிடுகிறவர்களுக்கும் நரைத்தது. கடலின் சத்தம் எப்படி இருக்கும் என்பது முதலில் அவளுக்குக் காதில் இருந்தது, பிறகு ஞாபகத்தில் இருந்தது, பிறகு ஞாபகத்தில் இருந்தது என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

இதற்கிடையில் ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை போட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் அதில் போய்விட, சேந்தலூருக்குள் வந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் மட்டும்தான். மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வடக்கேயிருந்து வந்து, குறுக்குவழி என்று யாரோ சொன்ன மினி பஸ்ஸில் ஏறியவர்கள். ஆகவே சாகச் சாக ஊருக்குள் அவர்கள் கூடினார்கள். மாரியம்மன் கோவில் கூழ் ஊற்றலுக்கு ஒரிசாக்காரப் பெரியப்பாக்களும் பீகார்ச் சித்திகளும் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், பூசாரியாகவே ஒரு ஜார்க்கண்ட்காரன் இருந்தான், முந்தைய பூசாரியின் இடத்துக்கு வந்தவன்.

வயிற்றில் கட்டி என்று புதன்கிழமை டாக்டர் சொன்னது நீலாயதாட்சியின் அறுபத்தொன்பதாம் வயதில். ஆறு மாதம், அல்லது எட்டு. அவள் அதற்காக அழவில்லை. முறை நோட்டை எடுத்துப் பார்த்தாள். போகிறவர்கள் போய், செத்தவர்கள் செத்து, அவள் பெயர் முதலாவதாக வந்திருந்தது. இரண்டாவது தவசி. அவன் ஏற்கெனவே தன் முறையை மகனுக்குக் கொடுத்துவிட்டு, முன்னால் இருந்தவர்கள் செத்தும் சலித்துப் பெயரை அடித்துக்கொண்டும் போக, மறுபடி கடைசியிலிருந்து ஊர்ந்து வந்தவன், மகனுக்கு வெளியே ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்குப் போகவும் ஆரம்பித்துவிட்டிருந்தது. ஒரே ஒரு பிறப்பு போதும் அவளுக்கு. கடலைப் பார்ப்பதெல்லாம் இரண்டாம்பட்சம். அவள் இந்த ஊருக்குள் செத்துவிடக் கூடாது. செத்தால் எங்கிருந்தோ எதற்கோ போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை இந்த ஊர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடும், அவள் இந்தத் தட்டில் சாப்பிடுவாள், முகம் தெரியாத ஒருத்தியை நாற்பது வருஷம் சபிப்பாள். பெரியநாயகத்தை அவள் சபித்ததுபோல. அந்த மனிதர் நல்லவர் என்று எல்லாரும் சொன்னார்கள், அவள் ஒருநாள்கூட அவரை மன்னித்ததில்லை.

அந்த மாதமே அங்கம்மா செத்தாள். பாடை எழும்பவில்லை. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று, வெயில் காலம். தவசி தாயின் காலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தான், மூன்றாம் நாள் காலை எழுந்து போய் டீக்கடை மூங்கிலில் வெள்ளைத் துணியை ஏற்றினான். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மினி பஸ் உள்ளே வந்தது. இறங்கியது சுகுர்மணி, இருபத்தாறு வயது, சந்தால் பழங்குடிப் பெண், இரண்டு வருஷமாகத் தமிழ்நாட்டு மில்லில் வேலை பார்த்தவள், வேறு மில்லுக்கு மாறிப் போய்க்கொண்டிருந்தவள், வயிற்றில் ஒரு மாதம். புருஷன் லக்கனையும் மகள் முன்னியையும் ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. ஐம்பத்திரண்டு வயதுத் தவசி அவள் காலைக் கழுவி, "வாம்மா" என்றான். அவள் சொம்பைப் பிடுங்கி அவன் நெற்றியில் அடித்தாள். அந்தத் தழும்பு அவனுக்கு இன்னும் இருக்கிறது.

அதன்பின் ஞாயிறு தவறாமல் லக்கன் ஆறு வயது முன்னியோடு வந்து எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்பான். இந்தப் பக்கம் சுகுர்மணி நிற்பாள். நடுவில் இரண்டு முழம். உள்ளே ஒரு நாழிகை வந்து மகளைத் தாயிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்றால், ஊரில் சாவுக்குக் காத்திருக்கும் கிழங்கள் முந்நூறு. தவசி போய், "வாங்கப்பா, இங்கயே குடி வந்துருங்க, வீடு தாரோம்" என்று முப்பது வயது லக்கனைக் கூப்பிடுவான். இரண்டு பேர் தாங்களாகக் குடிவந்தால் இரண்டு பேர் போகலாம். ஒரு மாதம் போனதும் ஊரே வந்து கூப்பிட்டது. பலகாரம் எறிந்தார்கள், பொம்மை எறிந்தார்கள். முன்னி பலகாரத்தைத் தின்றாள், பொம்மையை வைத்துக்கொண்டாள், அம்மாவைப் பார்த்து அழுதாள். சுகுர்மணி கல் எடுத்துப் புருஷனை விரட்டுவாள்.

தையல்காரர் பீர்முகமதுவின் மருமகள் ஷமீமாவுக்கு வலி எடுத்தது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில். ஊரில் இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த முதல் பிள்ளை. ஒன்பது மணிக்கு பீர்முகமது மூச்சிரைக்க வந்தார். "தாத்தா, பொறந்திருச்சு. பொம்பளப் புள்ள. வாயத் தொறக்க மாட்டேங்குது. கெளம்புங்க."

நீலாயதாட்சி ஒரு துணிப்பையில் இரண்டு புடவையும் மாத்திரைகளும் வைத்திருந்தாள். நாகப்பட்டினத்தில் அவளுக்கு யாரும் இல்லை, எங்காவது ஒரு ஆஸ்பத்திரி வராந்தா போதும். தெருவில் இறங்கினாள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள், போகிறவரைத் தொட்டால் தன் முறை சீக்கிரம் வரும் என்று நம்பிக்கை, ஆளாளுக்குத் தொட்டார்கள். செல்லக்கிளி, எழுபது வயதுக் கிழவி, தொடவில்லை, "நல்லாப் போயிட்டு வாங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, "வராதீங்க" என்று திருத்தினாள்.

எல்லைக்கல்லில் கூட்டம். அந்தப் பக்கம் லக்கன், தோளில் முன்னி, காலடியில் இரண்டு மூட்டை, ஒரு காஸ் ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. குடியேற வந்துவிட்டான். இந்தப் பக்கம் தவசி கையில் சாவியோடு நின்றான்.

"வாங்கப்பா. வெள்ளையடிச்சுட்டேன். தங்கச்சிக்கு ஊஞ்சல் கூடக் கட்டிப்புட்டேன்."

"ரூம்ல இது சாப்பிட மாட்டேங்குது" என்றான் லக்கன், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எல்லோரிடமும். "நான் மில்லுக்குப் போனா யார் பாக்கும்? பூட்டி வச்சுட்டுப் போறேன். தினம் பூட்டி வச்சுட்டுப் போறேன்."

சுகுர்மணி எட்டு மாத வயிற்றோடு தரையில் குந்தி, மடியில் கற்களைக் குவித்துவைத்திருந்தாள். எறிய மாட்டாள் என்று லக்கனுக்கும் தெரிந்துவிட்டது, மகள் அவன் தோளில் இருக்கிறாள். அவள் நீலாயதாட்சியைப் பார்த்ததும், "அம்மா, நீங்க சொல்லுங்க. வராதன்னு சொல்லுங்க. முன்னி கால் வச்சா போச்சு" என்றாள்.

முன்னியின் கால் தகப்பன் தோளிலிருந்து எல்லைக்கல்லுக்கு மேலே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு செருப்பு இருந்தது, ஒன்று இல்லை. நீலாயதாட்சிக்குத் தன் கால்கள் லேசாக இருப்பது தெரிந்தது. நாற்பத்தேழு வருஷமாக அந்த இடத்தில் நின்று பார்த்திருக்கிறாள், கால் இப்படி லேசாக இருந்ததில்லை. ஒரு எட்டு வைத்தால் போதும். வைத்துவிட்டால் முகம் தெரியாத ஒருத்தி பிழைத்தாள், இந்தக் குழந்தை மாட்டினாள். வைக்காவிட்டால் இந்தக் குழந்தை பிழைத்தாள், அந்த ஒருத்தி எங்கோ இப்போது தலை வாரிக்கொண்டிருப்பாள், பஸ் பிடிப்பாள். அந்த ஒருத்திக்கு முகம் இல்லை. இவளுக்கு இருந்தது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"கல்லக் கீழ போடு" என்றாள் நீலாயதாட்சி. "எந்திரி. நீ போ."

"ஒங்க முறை."

"என் முறைதான். யாருக்குக் குடுக்கணும்னு நான்தான சொல்லணும். எந்திரி, அங்க பச்சப்புள்ள பட்டினி கெடக்கு."

தவசிக்கு அப்போதுதான் புரிந்தது. "தாத்தா, வேணாம்" என்றான். "இவ போனா வயித்துல இருக்கிறதும் சேந்துல்ல போகும். அவுங்க ரெண்டு பேர் வர்றதும் போச்சு. மூணு முறை தாத்தா. ஒரே நாள்ல மூணு முறை!"

"மூணுதான். எனக்குக் கணக்குத் தெரியும்."

கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அதற்குள் சுகுர்மணி கையை ஊன்றி எழுந்து, மடியிலிருந்த கற்கள் பொலபொலவென்று கொட்ட, எல்லைக்கல்லைத் தாண்டினாள். இரண்டு உயிராகத் தாண்டினாள், ஊர் அதை ஒன்றாகத்தான் எண்ணியது. நீலாயதாட்சியின் கால்கள் மறுபடி கனத்தன, பழைய பாரம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. முன்னி அம்மாவின் கழுத்துக்குத் தாவவில்லை, முதலில் அந்தப் பெரிய வயிற்றைப் பயத்தோடு பார்த்தாள், பிறகு ஒரு விரலால் தொட்டாள். தெருவின் கடைசியிலிருந்து ஆள் மாற்றி ஆள் சொல்லிச் சொல்லி ஒரு சேதி வந்தது, பிள்ளை பால் குடிக்கிறது என்று. லக்கன் மூட்டைகளைத் தூக்கினான், ஸ்டவ்வைத் தூக்கினான், நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். சுகுர்மணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது என்று நீலாயதாட்சிக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வலி வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். தவசி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், முறை நோட்டைத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. "கொடுத்தா கடைசிக்குப் போகணும். அதுதான வழக்கம்" என்றான்.

"ஆமா. என்னை அடிச்சுட்டு உன்னை முதல்ல எழுது."

"எழுதி? யார் பெத்து நான் போறது? என் பேரன் எனக்குப் படம் வரஞ்சு அனுப்பிருக்கான். எனக்கு மூக்கே வரயல. பாத்தாத்தான வரைவான்?"

அவளிடம் இருந்த பதில் எல்லாம் சிவப்பு முக்கோணத் தட்டியில் ஒரு காலத்தில் அவளே மாட்டிவைத்ததுதான், அதை அவள் தவறு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

"தவசி, ஒண்ணு கேப்பேன். நான் போனா துணிய ஏத்தக் கூடாது. ஒரு பஸ்ஸும் உள்ள வரக் கூடாது. நீ போய் மூங்கில் கிட்ட நிக்கணும்."

"ஆள் வராம பாடை எந்திரிக்காது தாத்தா."

"கெடக்கிறேன். அடுத்த புள்ள பொறக்கட்டும், அதுல எந்திரிச்சுக்கிறேன்."

"ஊருல இப்ப ஒருத்தியும் முழுகாம இல்லயே."

"தெரியும்."

"அம்மாவ மூணு நாள் வச்சிருந்தேன்" என்றான் அவன். "அந்த மூணாம் நாள்... ஒங்களுக்குத் தெரியாது. நீங்க வாசல்ல இருந்தீங்க. நான் உள்ள இருந்தேன். என்னால முடியல, அதான் ஏத்துனேன். நல்லவனா இருக்கணும்னுதான் எனக்கும்."

"தெரியும்டா."

"அப்ப அடுத்த பொறப்பு ஒங்களுக்குன்னா, என் முறை?"

"அதுக்கு அடுத்தது."

அவன் சிரித்தான். சிரிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் வந்த சிரிப்பு. நோட்டைத் திறந்து அவள் பெயரை அடித்தான், தன் பெயரை முதல் வரியில் எழுதினான், எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே மினி பஸ் எல்லையில் நின்று, துணியைப் பார்த்து, உள்ளே நுழைகிற சத்தம் கேட்டது. ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். அவன் தலையைத் தூக்கி, பஸ் கடைவீதியைக் கடந்து அந்தப் பக்கம் போகும் வரை அவற்றைப் பார்த்தான், இதுவரை அவன் பார்த்ததில்லை.

பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து, வீட்டுக்குள் போய், எந்த அறையில் வெயில் படாது என்று ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து பார்க்க ஆரம்பித்தான்.